கம்ப்யூட்டர் சாமி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், இத்தாலி நாட்டு இளம் புனிதர் கார்லோ அகுதிஸைப் பற்றிய கேள்வி ஒன்றுக்குப் பத்து வரிகளில் விடையளித்திருந்தேன். அந்தப் பத்து வரிகளிலும் ஒரு பிழை நுழைந்துவிட்டது. பிழையைச் சுட்டியும் மேலும் விளக்கம் கேட்டும் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்திருப்பதால், இம்முறை வேறு பொருளுக்குச் செல்லாமல் இப்பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: கருமத்தம்பட்டி செபமாலை மாதா தேர்த்திருவிழாவில், படக்கடைகளில் முதுகுப்பையுடன் நிற்கும் ஒரு பள்ளி மாணவனின் படத்தையும் வைத்திருந்தார்கள். புனிதர் என்கிறார்கள். இவர் யார், என்ன செய்தார் என்று விரிவாகச் சொல்ல இயலுமா? (கருமத்தம்பட்டி வாசகர் ஒருவர்)

பதில்: தாங்கள் நின்ற கடையின் முன்னால்தான் நானும் நின்றேன் போலும். வேளாங்கண்ணி மாதாவுக்கும் கோடி அற்புதர் அந்தோணியாருக்கும் நடுவே, காலர் வைத்த சிவப்பு டி-ஷர்ட்டும் தோளில் பையுமாக, சுருட்டை முடிப் பையன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். லேமினேட் செய்தபோது உள்ளே சிக்கிய காற்றுக் குமிழி ஒன்று அவன் நெற்றிக்கு மேலே ஒளிவட்டம்போல் நின்றிருந்தது. யார் இது என்று தெரியாதவன்போலக் கேட்டேன். "பேரு வாயில நுழையறதில்லீங்க, கம்ப்யூட்டர் சாமி படம் குடுங்கன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க" என்றார் கடைக்கார அம்மா. எனக்கு அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

கார்லோ 1991 மே 3 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை அங்கே வேலையாக இருந்த காலம் அது. குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையும் முன்பே குடும்பம் மிலான் நகருக்குத் திரும்பிவிட்டது. வசதியான குடும்பம், அதை ஒளிக்க வேண்டியதில்லை. பக்தியான குடும்பம் என்றும் சொல்ல இயலாது. தமது புதுநன்மை (முதன்முறை நற்கருணை வாங்குதல்), உறுதிப்பூசுதல், திருமணம் ஆகிய மூன்று நாள்களைத் தவிரத் தாம் திருப்பலிக்கு, அதாவது கோவில் பூசைக்கு, சென்றதே இல்லை என்று தாய் அந்தோனியா சல்சானோ தாமே பேட்டிகளில் கூறியிருக்கிறார். வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட போலந்து நாட்டுப் பெண்மணிதான் முதலில் அவனுக்குச் செபம் சொல்லிக்கொடுத்தவர். பிறகு நடந்ததெல்லாம் தலைகீழ். வழியில் எந்தக் கோவிலைக் கண்டாலும் உள்ளே போய்விட்டு வரவேண்டும் என்று பிள்ளை பெற்றோரின் கையைப் பிடித்து இழுக்க, அவன் கேட்ட கேள்விகளுக்கு விடை தெரியாத தாய், இறையியல் படிக்கச் சேர்ந்தார்.

1998 ஜூன் 16 அன்று, ஏழாம் வயதில், வழக்கமான வயதுக்கு முன்பாகவே தனி அனுமதி பெற்றுப் புதுநன்மை வாங்கினார். அதன்பின் நாள்தோறும் திருப்பலி, திருப்பலிக்கு முன்போ பின்போ நற்கருணை (கிறிஸ்துவின் உடலாக வணங்கப்படும் திருப்பலி அப்பம்) முன் சிறிது நேரம், நாள்தோறும் செபமாலை, வாரம் ஒரு முறை பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) என்று ஒழுங்கு வைத்துக்கொண்டார். இவற்றுக்கு வெளியே அவர் நம் வீட்டுப் பிள்ளைகளைப் போன்றவர்தான்: நாய்களும் பூனைகளும் வளர்த்தார், அவற்றை வைத்து வேடிக்கையான குறும்படங்கள் எடுத்தார், கால்பந்து ஆடினார், வகுப்பில் பேசியதற்காகக் கண்டிக்கப்பட்டார். இரண்டாவது சோடிக் காலணி எதற்கு என்று தாயிடம் வாதிட்டார். சேமித்த காசில் வீடற்றவர் ஒருவருக்குப் படுக்கைப் பை வாங்கிக்கொடுத்தார். தம் தெருவில் இருந்த அடுக்குமாடி வீடுகளின் வாயிற்காவலர்கள் பலர் வெளிநாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்து நின்று பேசிவிட்டுப் போவது அவர் வழக்கம்.

2006 அக்டோபர் தொடக்கத்தில் சாதாரணக் காய்ச்சல் என்று எண்ணப்பட்டது, சில நாள்களில் கடுமையான இரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்தது. மொன்சா நகரின் சான் ஜெரார்தோ மருத்துவமனையில் சேர்த்தார்கள். தம் வேதனைகளைத் திருத்தந்தையாகிய போப்பாண்டவருக்காகவும் திருச்சபைக்காகவும் ஒப்புக்கொடுப்பதாகச் சொன்ன அவர், வலிக்கிறதா என்று கேட்ட மருத்துவர்களிடம், தம்மைவிட அதிகமாகத் துன்புறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று விடையளித்தார். அக்டோபர் 12 அன்று இறந்தார். வயது பதினைந்து. அவருடைய விருப்பப்படி உடல் அசிசி நகருக்குக் கொண்டு செல்லப்பட்டது. பெற்றோருக்கு ஒரே பிள்ளை அவர். சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2010-ல் அதே அக்டோபர் 12 அன்று, அவர்களுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன.

கேள்வி: கார்லோவைக் கணினி மேதை என்று எழுதியிருந்தீர்கள். கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரியும் என் மகன், ஒரு இணையதளம் செய்ததற்கு மேதை என்று பட்டமா என்று சிரிக்கிறான். (சோமனூர் வாசகர்)

பதில்: தங்கள் மகன் சிரிப்பதில் நியாயம் உண்டு. பெரியவர்கள் படிக்கும் நிரலாக்க நூல்களை வாங்கித் தாமே படித்துக் கற்றவர் கார்லோ. அக்காலத்துச் சிறுவனுக்கு அது பெரிய செயல்தான். ஆனால் அவர் எந்த மென்பொருளையும் கண்டுபிடிக்கவில்லை. தம் பங்குக் கோவிலுக்கு இணையதளம் அமைத்துக்கொடுத்தார். பதினொரு வயதில் தொடங்கி, உலகெங்கும் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் நற்கருணைப் புதுமைகளை, அதாவது நற்கருணை தொடர்பான அற்புதங்களை, திரட்டினார். இத்தாலியின் லன்சியானோ போன்ற இடங்களுக்குப் பெற்றோரை அழைத்துச் சென்று, படம் எடுத்து, வரலாற்றைக் குறித்துக்கொண்டு, நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகளைக் காட்சிப் பலகைகளாகவும் இணையப் பக்கங்களாகவும் அமைத்தார். அந்தக் கண்காட்சி பல கண்டங்களைச் சுற்றிவந்துவிட்டது. அந்த இளம் வயதில் ஒரே வேலையை விடாமல் ஆண்டுக்கணக்கில் செய்த பொறுமையைத்தான் நான் வியக்கிறேன். மேதை என்ற சொல் செய்தித்தாள்கள் கொடுத்தது. நானும் யோசிக்காமல் எடுத்தாண்டுவிட்டேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் தொகுத்தவை எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. ஐரோப்பாவின் நடுக்கால நற்கருணைக் கதைகள் சிலவற்றில் யூதர்கள்மீது சுமத்தப்பட்ட வீண்பழி கலந்திருக்கிறது. அத்தகைய கதைகளும் அந்தத் தொகுப்பில் இடம்பெற்றிருப்பதைக் கத்தோலிக்க அறிஞர்களே குறை சொல்லியிருக்கிறார்கள். ஒரு சிறுவன் பழைய ஏடுகளில் இருந்ததை இருந்தபடி எடுத்துக்கொண்டான் என்பது விளக்கம். இன்று அந்தப் பலகைகளைத் தம் கோவிலில் நிறுத்தும் பெரியவர்களுக்கு அந்த விளக்கம் போதாது. இத்தகைய புதுமைகளை நம்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எந்தக் கத்தோலிக்கருக்கும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: "அவருடைய உடல் இன்றும் அழியாமல் இருக்கிறது" என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குச் சொன்னார்கள். எது சரி? மேலும், ஜீன்ஸ் கால்சட்டையுடன் ஒரு புனிதரைப் படுக்க வைத்திருப்பது முறையா? (திருப்பூர் வாசகி)

பதில்: மறைக்கல்வி வகுப்பில் சொன்னதே சரி, பிழை என்னுடையது. 2019 ஜனவரியில் கல்லறையைத் திறந்து பார்த்தபோது, இறந்த உடலுக்கு இயல்பாக ஏற்படும் மாற்றங்கள் இந்த உடலிலும் ஏற்பட்டிருந்தன என்பதை அப்போது அசிசியின் ஆயராக இருந்த தொமெனிகோ சொரெந்தீனோ வெளிப்படையாகவே அறிவித்தார். உடலைச் சீர்படுத்தி, முகத்தைச் சிலிக்கோன் கொண்டு அமைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்குப் பின்னால் தூங்குவதுபோல் தெரியும் முகம் அதுதான். வாட்ஸ்அப்பில் சுற்றும் காணொளிகள் இதைச் சொல்வதில்லை. சொல்லாததை நானும் சரிபார்க்காமல் எழுதினேன், மன்னிக்கவும்.

உடையைப் பற்றித் திருப்பூரிலிருந்து கேள்வி வந்தது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஏனெனில் அவர் வைக்கப்பட்டிருக்கும் இடமே ஒரு துணி வணிகரின் வீட்டுக் கதையோடு தொடர்புடையது. அசிசியின் பிரான்சிசு, ஊரில் பெரிய துணி வணிகராக விளங்கிய பியெத்ரோ பெர்னார்தோனேயின் மகன். தந்தையின் கடைத் துணியை விற்றுப் பாழடைந்த கோவிலைப் பழுதுபார்க்க முற்பட்டு, வழக்கு ஆயரிடம் போனபோது, தந்தை கொடுத்த உடைகளை எல்லாம் அங்கேயே களைந்து அவர் காலடியில் வைத்துவிட்டார். ஆயர் தம் மேலாடையால் அவரைப் போர்த்தினார் என்பது வரலாறு. சுமார் 1206-ஆம் ஆண்டு நிகழ்ந்த அந்த நிகழ்ச்சியின் நினைவாக "ஆடை களைந்த திருத்தலம்" என்றே அழைக்கப்படும் சாந்தா மரியா மஜ்ஜோரே ஆலயத்தில்தான், 2019 ஏப்ரல் 6 முதல், கார்லோ ஜீன்ஸும் விளையாட்டு மேற்சட்டையும் நைக்கி காலணியும் அணிந்து, கையில் செபமாலையுடன் கிடத்தப்பட்டிருக்கிறார். உயிரோடு இருந்தபோது அவர் உடுத்தியது அதைத்தான். பட்டு அங்கி போர்த்தி வைத்திருந்தால்தான் எனக்குப் பொய்யாகத் தோன்றியிருக்கும்.

கேள்வி: நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் 1752-ல் சுட்டுக் கொல்லப்பட்டு, 270 ஆண்டுகள் கழித்து 2022-ல்தான் புனிதரானார். கார்லோவுக்கு 19 ஆண்டுகள் போதுமானதாக இருந்தது எப்படி? வெள்ளைக்காரர் என்பதாலா? புதுமைகளை யார், எப்படிச் சோதிக்கிறார்கள்? (ஈரோடு வாசகர்)

பதில்: தங்கள் கேள்வியில் இருக்கும் வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் கார்லோவோடு அதே நாளில் புனிதரான பியர் ஜார்ஜியோ பிரசாத்தியும் இத்தாலியர்தான், செல்வாக்குள்ள வீட்டுப் பிள்ளைதான். 1925-ல் தமது 24-ஆம் வயதில் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த அவர் நூறு ஆண்டுகள் காத்திருந்தார். காலம் நீள்வதற்கும் குறைவதற்கும் காரணங்கள் பல: வழக்கை எடுத்து நடத்துவோர் இருக்கிறார்களா, ஆவணங்கள் கிடைக்கின்றனவா, சாட்சிகள் உயிரோடு இருக்கிறார்களா, செலவுக்குப் பணம் இருக்கிறதா என்பவை எல்லாம் அவற்றுள் அடங்கும். கார்லோவைப் பொறுத்தவரை, அவரைப் பெற்றவர்களும் உடன் படித்தவர்களும் சாட்சி சொல்ல இருந்தார்கள். அவர் பயன்படுத்திய கணினியைக்கூட ஆராய்ந்தார்கள். தேவசகாயத்துக்காகச் சாட்சி சொல்ல ஏடுகளும் அவர் கொல்லப்பட்ட காற்றாடிமலையின் மக்கள் நினைவும் மட்டுமே எஞ்சியிருந்தன. ஏழைத் திருச்சபைகளின் புனிதர்கள் அதிகக் காலம் காத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். அதற்குத் தோலின் நிறத்தைவிடக் கோப்புகளின் கனம் பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

நடைமுறை இதுதான். ஒருவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழிந்த பிறகே மறைமாவட்ட அளவில் விசாரணை தொடங்கலாம். மிலான் உயர்மறைமாவட்டத்தில் கார்லோவுக்கான விசாரணை 2013 முதல் 2016 வரை நடந்தது. அவர் நற்பண்புகளை வீரத்தோடு கடைப்பிடித்தவர் என்று 2018-ல் அறிவிக்கப்பட்டு, "வணக்கத்துக்குரியவர்" ஆனார். அடுத்து ஒரு புதுமை ஏற்கப்பட்டால் "அருளாளர்"; அதன்பின் நிகழ்ந்த மற்றொரு புதுமை ஏற்கப்பட்டால் "புனிதர்". மறைசாட்சிக்கு (நம்பிக்கைக்காக உயிர் நீத்தவருக்கு) முதல் படியில் புதுமை தேவையில்லை. தேவசகாயம் 2012 டிசம்பர் 2 அன்று கோட்டாற்றில் அருளாளரானது அவ்விதமே.

புதுமை என்று சொல்லப்படும் குணம் திடீரென்று நிகழ்ந்ததாகவும் முழுமையானதாகவும் நிலைத்ததாகவும் இருக்க வேண்டும். மருத்துவக் குழு ஒன்று எல்லா அறிக்கைகளையும் பார்த்து, இன்றைய மருத்துவ அறிவால் இதை விளக்க இயலுமா என்ற ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லும். புதுமை என்ற சொல்லை அந்தக் குழு பயன்படுத்தாது. யாரிடம் வேண்டினார்கள், வேண்டுதலுக்கும் குணத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதை இறையியலார் ஆராய்வார்கள். பிறகு கர்தினால்கள், ஆயர்கள். இறுதி முடிவு திருத்தந்தையுடையது.

முதல் நிகழ்வு பிரேசிலின் காம்போ கிராண்டே நகரில். கணையம் பிறவியிலேயே குடலைச் சுற்றி இறுக்கியிருந்ததால், உண்டதை எல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த சிறுவனை, 2013 அக்டோபர் 12 அன்று பாட்டனார் கோவிலுக்குத் தூக்கிச் சென்றார். கார்லோவின் திருப்பண்டத்தை (புனிதரின் நினைவாகப் போற்றப்படும் பொருளை) தொட்ட சிறுவன், வாந்தி நிற்க வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டானாம். நின்றுவிட்டது, பின்னர் எடுத்த படங்களில் கணையம் இயல்பாக இருந்தது. இரண்டாவது 2022 ஜூலையில். இத்தாலியின் பிளாரன்சு நகரில் படித்துக்கொண்டிருந்த கோஸ்டா ரிகா நாட்டு மாணவி மிதிவண்டியிலிருந்து விழுந்து, தலையில் பலத்த காயத்துடன் உயிருக்குப் போராடினார். ஜூலை 8 அன்று அவருடைய தாய் அசிசிக்குச் சென்று கார்லோவின் கல்லறை முன் முழந்தாளிட்டு நாள் முழுவதும் வேண்டினார். அன்றே மகள் தாமாக மூச்சு விடத் தொடங்கினார். 2024 மே மாதம் திருத்தந்தை பிரான்சிசு இதை ஏற்றார். 2025 ஏப்ரல் 27 அன்று புனிதர் பட்டம் வழங்குவதாக இருந்தது. ஏப்ரல் 21 அன்று திருத்தந்தை மறைந்ததால் விழா தள்ளிப்போய், செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோவின் கையால் நிறைவேறியது.

கேள்வி: திருச்சபையின் மிக இளைய புனிதர் இவர்தானா? (பொள்ளாச்சி வாசகி)

பதில்: இல்லை. போர்த்துகல் நாட்டின் பாத்திமாவில் மாதாவின் காட்சியைக் கண்ட பிரான்சிஸ்கோ பத்து வயதிலும், அவருடைய தங்கை ஜசிந்தா ஒன்பது வயதிலும் இறந்தவர்கள். இருவரும் 2017-ல் புனிதரானார்கள். தொன் போஸ்கோவின் மாணவர் தொமினிக் சாவியோ பதினைந்து நிறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் இறந்தவர். புத்தாயிரத் தலைமுறை (மில்லினியல்) என்று சொல்கிறார்களே, அந்தத் தலைமுறையின் முதல் புனிதர் கார்லோ என்பது சரி. தங்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: கேரளத்தின் அல்போன்சம்மா புனிதராக உயர்த்தப்பட்டது 2008 அக்டோபர் 12 அன்று, அதே தேதிதான் இன்று கார்லோவின் திருநாள்.

கேள்வி: நான் இந்து. கார்லோ தம் வீட்டில் வேலை செய்த இந்து ஒருவரை மதம் மாற்றினார் என்று படித்தேன். இது பெருமைக்குரியதா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

பதில்: நேராகக் கேட்டதற்கு நன்றி. மொரீஷியஸ் தீவில் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, பிழைப்புக்காக இத்தாலிக்கு வந்து, அந்த வீட்டில் பணியாற்றியவர் அவர். சிறுவன் கார்லோவோடு பழகியபின் தாமே திருமுழுக்குக் கேட்டுப் பெற்றதாகப் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அவனுடைய பேச்சைவிட, வேலையாளைத் தோழனாக நடத்திய விதமே தம்மை ஈர்த்தது என்பது அவர் சொன்னதன் சாரம். சம்பளம் கொடுக்கும் வீட்டின் சமயத்துக்கு வேலையாள் மாறினார் என்றால் ஐயம் எழுவது இயல்பு. ஆயினும் இந்த வீட்டில், சம்பளம் கொடுத்த பெரியவர்களே கோவில் வாசலை மிதிக்காதவர்களாக இருந்தார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பெருமைப்படுவதா வேண்டாமா என்பது அந்த மனிதர் தம் வாழ்வைப் பற்றிச் சொல்ல வேண்டியது. நம்மில் யாரும் அவருக்காகச் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன் கைப்பேசியை விட்டு நகர்வதில்லை. இந்தப் புனிதர் விளையாட்டுக்கு நேர வரம்பு வைத்திருந்தாராமே? (பெருந்துறை வாசகி)

பதில்: ஆம் அம்மா. எட்டு வயதில் அவருக்கு பிளேஸ்டேஷன் கிடைத்தது. வாரத்துக்கு ஒரு மணி நேரம் என்று தாமே வரம்பு வைத்துக்கொண்டார். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று சில நூல்களில் அச்சாகியிருப்பது தவறு. "தாமே" என்ற சொல்லைத் தங்கள் மகனிடம் காட்டிக் கண்டிக்கப் போகிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் பயன் விளையும் என்று எனக்குத் தோன்றவில்லை. திருத்தந்தை பிரான்சிசு 2019-ல் இளையோருக்கு எழுதிய "கிறிஸ்து வாழ்கிறார்" என்னும் மடலில், இந்த ஊடகங்கள் நம்மை மயக்கி நுகர்வுக்கு அடிமையாக்கவும் பயன்படும் என்பதைக் கார்லோ நன்கு அறிந்திருந்தார் என்று குறிப்பிட்டு, எல்லாரும் அசலாகப் பிறக்கிறார்கள், பலர் நகலாக இறக்கிறார்கள் என்ற அவருடைய கூற்றையும் எடுத்துக்காட்டுகிறார். அந்தப் பத்திகளை மகனையே வாசிக்கச் சொல்லலாம், கைப்பேசியில்தான் வாசிப்பான் என்றாலும்.

கேள்வி: கார்லோவின் தலைமுடி இணையத்தில் விலைக்குக் கிடைக்கிறது என்று ஒருவர் இணைப்பு அனுப்பினார். வாங்கலாமா? (உடுமலைப்பேட்டை வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். திருப்பண்டங்களை விற்பது திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் விதிப்படி முற்றிலும் தடைசெய்யப்பட்டது. கார்லோவின் தலைமுடி என்று சொல்லி இணையத்தில் ஏலம் விடப்பட்டதை அறிந்த அசிசி ஆயர், 2025-ல் சட்ட அதிகாரிகளிடமே புகார் அளித்தார். அது உண்மையானதாக இருந்தால் விற்றது குற்றம். போலியாக இருந்தால் ஏமாற்று.

கேள்வி: டிசம்பரில் பிறந்த எங்கள் பேரனுக்குக் கார்லோ என்று பெயரிட விரும்புகிறோம். குடும்பத்துப் பெரியவர்கள், இராயப்பன், சின்னப்பன், சவரியப்பன் என்று வந்த வீட்டில் இது என்ன பெயர் என்கிறார்கள். மேலும், எங்கள் அன்பியத்தார் (பங்கின் சிறு கிறிஸ்தவக் குழுவினர்) கட்டும் சிற்றாலயத்தை அவர் பெயரில் அர்ப்பணிக்க இயலுமா? (காங்கேயம் வாசகர்)

பதில்: சிற்றாலயத்துக்குத் தடையில்லை. அருளாளராக இருந்தவரை அதற்கு உரோமையின் தனி அனுமதி வேண்டியிருந்திருக்கும். இப்போது பங்குத்தந்தை வழியாக ஆயரின் ஒப்புதலைப் பெற்றால் போதும். பெயரைப் பொறுத்தவரை, கார்லோ என்பது ஆங்கிலத்தில் சார்லஸ் என்று வழங்கும் பெயரின் இத்தாலிய வடிவம். சார்லஸ் என்ற பெயரில் தங்கள் உறவில் ஒருவராவது இருப்பார். இராயப்பர் என்பதும் பேதுரு என்ற பெயர் தமிழுக்கு வந்து நெடுங்காலம் தங்கிப் பெற்ற உருவந்தான். பெரியவர்களுக்கு மனக்குறை வேண்டாம் என்றால், திருமுழுக்குப் பதிவேட்டில் கார்லோ இராயப்பன் என்று சேர்த்தே எழுதச் சொல்லுங்கள். கட்டத்தில் இடம் இருக்கிறது.